உறவுமுறை: புள்ள

கொஞ்சம் நீளமான இழை. டூட்டி முடிஞ்சு உட்கார்ந்து எழுதறேன், நீங்களும் ஒரு டீயோட உட்காருங்க.

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "இங்கிலீஷ்ல பேரன்ட், சிப்ளிங், ஸ்பௌஸ், கசின்னு ஆண் பெண் பார்க்காம உறவு சொல்லிடலாம். தமிழ்ல அப்படி வார்த்தையே இல்லையே, ஏன் டாக்டர்?"

நான் மொழி ஆராய்ச்சி பண்ற ஆள் கிடையாது. எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு அரசு ஆஸ்பத்திரியில ஓ.பி. பார்க்கிற ஆள். ஆனா தினம் காலையில இருந்து "உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?", "கூட வந்திருக்கிறது யாரு, என்ன உறவு?" இந்த ரெண்டு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அதனால இதைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டுன்னு நினைக்கிறேன்.

முதல்ல, தமிழ்ல இல்லவே இல்லைங்கிறது சரியில்லை. எங்க புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுல ஒரு சுத்து சுத்தினா போதும்.

வெளியூர்க்காரங்களுக்கு: நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல இருக்கிற பெரிய சந்தை. பேப்பர்ல குபேர் அங்காடி. எதுவார் குபேர், புதுச்சேரியோட முதல் முதலமைச்சர், அவர் பேருதான். ஆட்டோக்காரர்கிட்ட பெரிய மார்க்கெட்னு சொன்னாத்தான் வண்டி கிளம்பும். இடிச்சிட்டுப் புதுசா கட்டணுமா, அப்படியே பழுது பார்க்கணுமான்னு வருஷக்கணக்கா சண்டை. அது தனி இழைக்கான விஷயம்.

மீன் பக்கம் போங்க. கூடைக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு காது கொடுத்துக் கேளுங்க. "வா கண்ணு, சங்கரா இப்பதான் வந்துது." "இன்னாப்பா, பார்த்துட்டே போற?" அந்த "ப்பா" ஆம்பளைக்கு மட்டும் இல்ல. காலேஜ் படிக்கிற பொண்ணுக்கும் அதே "இன்னாப்பா"தான். "வாடா தங்கம்"னு கூப்பிட்டது என்னோட வந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணை. கண்ணு, தங்கம், செல்லம், சாமி. எதுலயும் ஆண் பெண் இல்ல. "டா"வுல இலக்கணப்படி ஆண் இருக்கு, வாயில வரும்போது இல்ல. இப்ப காலேஜ் பசங்க "மச்சி"யும் அப்படித்தான், பொண்ணுங்க ஒருத்தரை ஒருத்தர் மச்சின்னுதான் கூப்பிடுதுங்க.

ஆனா கவனிச்சா ஒண்ணு தெரியும். இந்த வார்த்தை எல்லாம் வயசுல சின்னவங்களுக்குத்தான். அதே மீன்கார அம்மா ஒரு எழுபது வயசு ஆளைக் கண்ணுன்னு கூப்பிட மாட்டாங்க. அங்கே ஐயா, பெரியப்பா, ஆயான்னு மாறிடும்.

உறவுச் சொல்லும் அப்படியேதான் போகுது. நமக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு ஒருமையிலேயே பொதுச்சொல் இருக்கு. குழந்தை, பிள்ளை, பேரப்பிள்ளை, அண்ணன் பிள்ளை. இங்கிலீஷ்ல அண்ணன் பிள்ளைக்குப் பொதுச்சொல் கிடையாது. நெஃப்யூ இல்லாட்டி நீஸ். அதுக்கு நிப்ளிங்னு ஒரு சொல்லை 1950கள்ல சாமுவேல் மார்ட்டின்ங்கிற மொழியியலாளர் உருவாக்கினதா சொல்றாங்க, இன்னும் பெரிசா ஒட்டலை. நாம "அக்கா புள்ள"ன்னு எந்தக் கஷ்டமும் இல்லாம சொல்லிட்டு இருக்கோம்.

நமக்கு மேலே இருக்கிறவங்களுக்குப் பன்மையில இருக்கு. பெத்தவங்க, பெரியவங்க, மூத்தவங்க, வளர்த்தவங்க. மரியாதைக்காகப் பன்மை வைக்கும்போது ஆண் பெண் தானா மறைஞ்சிடுது. எழுத்துத் தமிழ்ல "அவர்" அப்படிப்பட்ட சொல்தான். பலர்பாலா இருந்தது மரியாதை ஒருமையா ஆச்சு, ஆண், பெண் ரெண்டு பேருக்கும் பொருந்தும். பேச்சுல மட்டும் "அவரு"ன்னா ஆண், "அவங்க"ன்னா யாரும்.

சம வயசுல, சம அந்தஸ்துல? அங்கேயும் ஒரு அருமையான சொல் இருக்கு: சம்பந்தி. உங்க பிள்ளையோட மாமனாருக்கும் அதான், மாமியாருக்கும் அதான். இங்கிலீஷ்காரங்க இந்த உறவுக்குப் பேரே வைக்கலை.

அப்ப எங்கேதான் பொதுச்சொல் இல்ல? கூடப்பிறந்தவங்க விஷயத்துல. அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. இங்கே ஆண் பெண்ணை விட மூத்தவரா இளையவரான்னு கேட்கிறதுலதான் தமிழ் பிடிவாதமா இருக்கு. "எனக்கு ஒரு பிரதர் இருக்கான்"னு சொன்னா "அண்ணனா, தம்பியா?"ன்னு கேட்காம எந்தத் தமிழனாவது அடுத்த வரிக்குப் போவானா? சின்ன வயசுல மார்க்கெட்டுக்குப் போனா காய்கறிக்கடை அண்ணன் கேட்கிற முதல் கேள்வியே "நீ பெருசா, உங்க அக்காவா?" மாதிரி ஏதாவது ஏடாகூடமாத்தான் இருக்கும்.

உடன்பிறப்புன்னு ஒரு சொல் இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, நல்ல சொல், ஆண் பெண் இல்லாதது. ஆனா கலைஞர் முரசொலியில பல பத்து வருஷம் அந்தச் சொல்லால அழைச்சே கடிதம் எழுதி, அது கட்சிக்காரங்களுக்குன்னு ஆகிடுச்சு. "எனக்கு ரெண்டு உடன்பிறப்பு"ன்னு ஓ.பி.ல யாராவது சொன்னா நான் பேனாவை வச்சிட்டு எந்த வார்டு செயலாளர்னு பார்ப்பேன். இலங்கைத் தமிழர்கள்கிட்ட பாருங்க, "எத்தனை சகோதரங்கள்?"னு சர்வ சாதாரணமா கேட்பாங்க. சகோதரன் இல்ல, சகோதரி இல்ல, சகோதரம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் வாயில முதல்ல கேட்டப்போ எனக்கு அவ்வளவு பிடிச்சது. இந்த சிப்ளிங்கும் இங்கிலீஷ்காரங்க வீட்டுல காலங்காலமா புழங்கின சொல் இல்ல. சொந்தக்காரர்ங்கிற அர்த்தத்துல இருந்து வழக்கொழிஞ்ச பழைய சொல்லை, 1900ஐ ஒட்டி மானுடவியல், பரம்பரை ஆராய்ச்சி பண்ணினவங்க தூசி தட்டி எடுத்தாங்க. தேவை வந்தது, சொல் வந்தது.

எனக்கு அந்தத் தேவை தினமும் வருது. ஏன்னு சொல்றேன்.

"வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக்?"

"எங்க பெரியப்பாவுக்கு, நாப்பது வயசுல."

இதை வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. பெரியப்பான்னா அப்பாவோட அண்ணனா இருக்கலாம், அப்ப ரத்த சொந்தம். அம்மாவோட அக்கா வீட்டுக்காரராவும் இருக்கலாம், அப்ப இவருக்கும் அந்த மாரடைப்புக்கும் பரம்பரைத் தொடர்பு எதுவும் இல்லாம இருக்கலாம். அத்தையும் அப்படித்தான். அப்பாவோட தங்கச்சியும் அத்தை, மாமாவோட சம்சாரமும் அத்தை. "எங்க அத்தைக்கு மார்புல கேன்சர்"னு ஒரு பொண்ணு சொன்னா, எந்த அத்தைன்னு கேட்டே ஆகணும். அப்பா கூடப்பிறந்த அத்தைன்னா அது முக்கியமான தகவல். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை ஏத்துற பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் அப்பா வழியிலயும் வரும். அப்பாகிட்ட இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. "அம்மா பக்கம் யாருக்கும் இல்ல டாக்டர், அதனால எனக்கு வராது"ன்னு நிம்மதியா போறவங்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெஞ்சு அப்பா பக்கத்தையும் சொல்லுங்க.

அண்ணன் இன்னும் சிக்கல். பெரியப்பா பிள்ளையும் அண்ணன், பெரியம்மா பிள்ளையும் அண்ணன். நம்ம முறைப்படி அவங்க சகோதரங்கதான். அத்தை பிள்ளை, மாமா பிள்ளைதான் வேற, அவங்க கட்டிக்கிற முறை. இந்தப் பிரிவினையை 1871ல லூயிஸ் ஹென்றி மார்கன்ங்கிற அமெரிக்கர், உலகம் பூரா உறவுச் சொற்களைத் தொகுத்துப் போட்ட புத்தகத்துல எழுதினார். நியூயார்க் பக்கத்து செவ்விந்தியர் சொல்ற உறவுமுறையும் தமிழர் சொல்ற உறவுமுறையும் ஒரே மாதிரி இருக்கேன்னு ஆச்சரியப்பட்டார். அவருக்குத் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தது இங்கே ஆற்காடு பக்கம் வேலை செஞ்ச ஸ்கடர் குடும்பத்து மிஷனரி. அதே குடும்பத்துல பின்னாடி வந்தவர்தான் வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர். உறவுமுறையும் ஆஸ்பத்திரியும் ஒரே வீட்டுல இருந்து வந்திருக்கு, எனக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டத்துக்கு இந்த முறை எல்லாம் தெரியாது. 1994ல வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், 2011 திருத்தத்தோட சேர்த்து, நெருங்கிய உறவுன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு: கணவன் அல்லது மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, சகோதரன், சகோதரி, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. அவ்வளவுதான். "என் அண்ணன் கிட்னி தரேன்னுட்டார்"னு கண்ணுல தண்ணியோட ஒருத்தர் வருவார். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் பார்த்தா சித்தப்பா பிள்ளை. ஒண்ணா வளர்ந்தவங்க, ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. இவங்களுக்கு அண்ணன் தம்பி. சட்டத்துக்கு நெருங்கிய உறவு இல்ல, அங்கீகாரக் குழு முன்னாடி போய் நிக்கணும். அங்கே போய்த் திகைக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க.

அதனால நான் ஓ.பி.ல கேட்கிறது "கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு? ஒரே அப்பா, ஒரே அம்மாவுக்குப் பொறந்தவங்க மட்டும்." இதுதான் எனக்குத் தெரிஞ்ச சிப்ளிங். நீளம்தான், ஆனா யாருக்கும் புரியாம போனதில்ல.

இங்கே ஒரு எதிர்வாதமும் வைக்கணும், இல்லாட்டி நான் ஒரு பக்கமா பேசறேன்னு ஆயிடும். எல்லா உறவையும் பொதுச்சொல்லா ஆக்கிட்டா நல்லதுன்னு நான் நினைக்கலை. தாய்மாமன்ங்கிற சொல்லை எடுத்துக்கங்க. மாமா பல பேர் இருக்கலாம், தாய்மாமன்னா அம்மா கூடப்பிறந்த ஆண் மட்டும். ஹீமோஃபிலியா மாதிரி நோய்கள் எக்ஸ் குரோமோசோம் வழியா போகுது. அம்மா சுமப்பாங்க, பெரும்பாலும் அவங்களுக்கு வெளியில தெரியாது, ஆண் பிள்ளைக்கு வரும். ரத்தம் நிக்காத ஒரு பையனைக் கொண்டு வந்தா நான் கேட்கிற முதல் கேள்வி "தாய்மாமனுக்கு யாருக்காவது இப்படி இருந்துச்சா?" ஒரே சொல்லுல ஆண், அம்மா வழி, ரத்த சொந்தம் மூணும் வந்துடுது. இந்த இடத்துல இங்கிலீஷ் அங்கிள் எனக்கு எந்த உதவியும் பண்ணாது.

குடும்ப மரம்னு நாங்க ஒரு படம் போடுவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களுக்கு நடுவுல ரெட்டைக் கோடு. நம்ம ஊர்ல ரெட்டைக் கோடு போட்டே பேனா தீரும். மாமன் மகள், அத்தை மகன் கட்டினா பிள்ளைக்கு உட்கலப்புக் குணகம் பதினாறுல ஒண்ணு, அக்கா மகளைத் தாய்மாமனே கட்டினா எட்டுல ஒண்ணு. இதே படத்துல சாய்சதுரம்னு ஒரு குறியும் உண்டு. ஆண் பெண் தெரியாதப்போ, சொல்ல வேண்டியதில்லாதப்போ, ரெண்டுலயும் அடங்காதவங்களுக்கு. 2022ல மரபியல் ஆலோசகர்கள் இந்தக் குறிகளை எப்படிப் போடணும்னு திருத்தி எழுதினாங்க: வடிவம் அந்த ஆள் தன்னை யாரா சொல்றாங்களோ அதுக்கு, பிறப்புல பதிஞ்ச பால் தேவைப்பட்டா கீழே சின்னதா எழுதிக்கலாம். திருநங்கை ஒருத்தங்க வந்தா அவங்களுக்கு வட்டம்தான் போடணும்.

அதே 2022 ஆகஸ்டுல தமிழ்நாடு அரசு ஒரு சொல் பட்டியலை அரசிதழ்ல வெளியிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரிச்ச ஒரு வழக்கோட தொடர்ச்சியா வந்தது. திருநர், பால்புதுமையர் மாதிரி சொற்களை அரசாங்கமும் பத்திரிகையும் மரியாதையோட பயன்படுத்தணும்னு. நல்ல காரியம். ஆனா அது ஆளுக்குப் பேரு. அந்த ஆள் வீட்டுக்குள்ள போனதும் அவங்க யாருக்கு என்னன்னு சொல்ற சொல்லை அரசிதழ் தர முடியாது.

அது எங்கே இருந்து வருதுன்னு சொல்றேன். ஆள் அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

மார்க்கெட்டுல பூ விக்கிற ஒரு அம்மா. அறுபதைத் தாண்டினவங்க. வருஷக்கணக்கா சுகர், காலுல ஆறாத புண்ணு, நான் முன்னாடி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில அடிக்கடி வருவாங்க. எனக்கு அவங்களை மார்க்கெட்டுலயும் தெரியும். பக்கத்துக் கடைக்காரங்க சில நேரம் வம்புக்குன்னே கேட்பாங்க, "உன் பையன் எங்க இருக்கான் இப்ப?" அவங்க சரம் கட்டற கையை நிறுத்தாமலே சொல்வாங்க, "புள்ள விழுப்புரத்துல இருக்குது. நல்லா இருக்குது." பையன்னு கேட்டதுக்கு மறுப்பும் இல்ல, ஒப்புதலும் இல்ல. அவங்க பிள்ளை திருநங்கை.

இந்த ஒரு வரியில தமிழ் இலக்கணம் அவங்களுக்கு எவ்வளவு உதவி பண்ணுதுன்னு பாருங்க. நம்ம வினைச்சொல்லோட வாலுலயே ஆண் பெண் ஒட்டிக்கிட்டு இருக்கும். வந்தான், வந்தாள். மகன்னு சொன்னா இருக்கான்னுதான் முடிக்கணும், மகள்னு சொன்னா இருக்கா. தப்பிக்க வழியே இல்ல. ஆனா குழந்தை, புள்ளைன்னு சொன்னா அஃறிணைக்கு உள்ள "இருக்குது" போட்டுக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அதுல பாசம்தான் கூடும்.

ஒரு தடவை அந்தப் புண்ணு மோசமாகி அட்மிஷன். பெண்கள் வார்டு. ராத்திரி கூடத் தங்க பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. பிள்ளை விழுப்புரத்துல இருந்து ராத்திரியே பஸ் பிடிச்சு வந்துட்டாங்க, புடவையில, கையில சாப்பாட்டுக் கேரியரோட. வாசல்ல செக்யூரிட்டி நிறுத்திட்டார். சீட்டுல உடனிருப்பவர் உறவுமுறைன்னு ஒரு கட்டம், அதுல மகன் / மகள்னு அச்சடிச்சிருந்தது. ஆதார் கார்டுல பழைய பேரு. "மகன்னா ஆம்பளை, உள்ள விட முடியாது. மகள்னா கார்டுல அப்படி இல்லையே." அவருக்கும் அவர் வேலை. அரை மணி நேரம் அங்கேயே நின்னிருக்காங்க. படுக்கையில இருந்து இந்த அம்மா சத்தம், "என் புள்ளைய உள்ள வுடுங்க." கடைசியில ராத்திரி டூட்டி சிஸ்டர் வெளியில வந்து, சீட்டை வாங்கி, அச்சடிச்ச ரெண்டையும் அடிச்சிட்டு மேல பேனாவால "பிள்ளை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. காலையில ரவுண்ட்ஸ்ல அந்தச் சீட்டை கேஸ் ஷீட்டோட பார்த்தேன். அம்மாவுக்கு அந்தப் பிள்ளைதான் இன்சுலின் போடக் கத்துக்கிட்டாங்க, புண்ணுக்குக் கட்டு மாத்தக் கத்துக்கிட்டாங்க. காலை எடுக்காம காப்பாத்தினதுல என் மருந்துக்கு எவ்வளவு பங்கோ அந்தக் கட்டுக்கும் அவ்வளவு பங்கு.

அந்த அம்மாவுக்கு ஒரு சின்ன மகனும் உண்டு. முன்னாடி அண்ணேன்னு கூப்பிட்டவர் இப்ப அக்கான்னு கூப்பிடுறார், நான் காதால கேட்டேன். எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டதுக்கு, "எப்படியும் பெரியவங்கதானே டாக்டர்"னார். மூத்தவரா இளையவரான்னு கேட்கிற நம்ம மொழிப் பிடிவாதம் அவருக்கு ஒரு பிடியாத்தான் இருந்திருக்கு. அந்தப் பாதி மாறவே இல்லையே.

குழந்தைங்கிற சொல் எங்க வேலையில இன்னும் ரெண்டு இடத்துல உயிர் காக்குது. ஒண்ணு ஸ்கேன் ரூம். கருவுல இருக்கிறது ஆணா பெண்ணான்னு சொல்றது 1994 சட்டப்படி குற்றம். அம்மாக்கள் எங்க வாயையே பார்த்துட்டு இருப்பாங்க, வினைச்சொல் வாலுல ஏதாவது சிக்குமான்னு. "குழந்தை நல்லா அசையுது." அவ்வளவுதான் கிடைக்கும்.

இன்னொண்ணு பிரசவ அறை. "என்ன குழந்தை?" இதுதான் வாசல்ல நிக்கிற ஆயாவோட முதல் கேள்வி. அபூர்வமா சில குழந்தைங்களுக்குப் பார்த்த உடனே பதில் சொல்ல முடியாது, பிறப்புறுப்பு தெளிவா இருக்காது. இதுக்கு அடிக்கடி காரணமா இருக்கிறது சி.ஏ.ஹெச்.ங்கிற அட்ரினல் சுரப்பிக் கோளாறு. ரெட்டைக் கோடு போட்ட குடும்பங்கள்ல வாய்ப்பு கூடுதல். இதுல ஒரு வகையில முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள உடம்புல உப்புச்சத்து சரிஞ்சு குழந்தை செத்தே போகலாம். சோடியம், பொட்டாசியம் பார்த்து மருந்து கொடுத்தா நல்லா வளரும். அவசரப்பட்டு "பையன்"னு சொல்லிக் கையில கொடுத்து வீட்டுக்கு அனுப்பினா, பேரு வச்சு, மொட்டை அடிக்க நாள் பார்க்கிற நேரத்துல வாந்தியும் மயக்கமுமா திரும்பி வரும். அதனால அந்த நேரத்துல நாங்க சொல்றது, "குழந்தை பிறந்திருக்கு. சில டெஸ்ட் பார்க்கணும், ரெண்டு மூணு நாள் பொறுங்க." அந்தச் சொல் இல்லாத மொழியில டாக்டருங்க என்ன பண்ணுவாங்களோ.

அப்புறம் இன்னொரு அவசரமும் உண்டு, ஆபரேஷன் பண்ணி ஏதாவது ஒண்ணா ஆக்கிடுங்கங்கிற அவசரம். 2019ல மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு திருநங்கையோட கல்யாணத்தைப் பதிவு பண்ணச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தார், மணமகள்ங்கிற சொல்லுல திருநங்கையும் அடக்கம்னு. அதே தீர்ப்புலதான் பச்சைக் குழந்தைகளுக்கு இந்த மாதிரி அறுவை சிகிச்சை கூடாதுன்னு தடை போடச் சொன்னார். அந்த வருஷமே தமிழ்நாடு அரசாணை வந்தது, நாட்டுலயே முதல் மாநிலம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விலக்கு. ஒரே தீர்ப்புல மணமகள்ங்கிற சொல் விரிஞ்சது, குழந்தைங்கிற சொல்லுக்குக் காவலும் கிடைச்சது.

எங்க ஊர்ல பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருக்கிற குடும்பங்கள் நிறைய. அவங்க நாட்டுல இதே கட்டம் நிரப்புற விஷயத்துக்கு 2019ல பெரிய ரகளை. பள்ளிக்கூடப் படிவத்துல அப்பா, அம்மான்னு போடாம பெற்றோர் 1, பெற்றோர் 2ன்னு போடணும்னு கீழ்சபையில திருத்தம் கொண்டு வந்தாங்க. யாரு ஒண்ணு, யாரு ரெண்டுன்னு நாடே அடிச்சுக்கிச்சு, கடைசியில அந்தச் சொற்கள் சட்டத்துல நிக்கலை. நம்ம ரேங்க் கார்டை எடுத்துப் பாருங்க. "பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்". எந்த ரகளையும் இல்லாம காலங்காலமா இருக்கு. அதுல கள்ளக் கையெழுத்துப் போட்டவங்களும் ஆண் பெண் பேதமில்லாம போட்டிருக்கோம்.

ஆனா நம்ம ஆஸ்பத்திரிப் படிவங்கள் அப்படி இல்ல. த/பெ, க/பெ. பெண்ணுன்னா அப்பா பேரு, இல்லாட்டி புருஷன் பேரு. ரெண்டும் இல்லாதவங்க அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு நிக்கிற நிலை எனக்குத் தெரியும். சீட்டை நீட்டினா "ஆம்பளைங்க யாரும் வரலையா?"ன்னு கேட்கிற பழக்கமும் இருக்கு. ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்: சுய நினைவோட இருக்கிற வயசு வந்த பெண்ணோட சிகிச்சைக்கு அவங்க கையெழுத்துதான் கையெழுத்து. கருக்கலைப்புக்கே 1971 சட்டம் கேட்கிறது அந்தப் பெண்ணோட சம்மதத்தை மட்டும்தான், புருஷனோடது இல்ல. 2008ல உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்குல, மயக்கத்துல இருந்த பெண்ணுக்காக அவங்க அம்மா கொடுத்த சம்மதமே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. பெத்த அம்மாவுக்கே அந்த நிலைமைன்னா, "ஆம்பளை யாராவது" எந்தக் கணக்கு?

கூட வாழறவங்க ரத்த சொந்தமும் இல்ல, தாலி கட்டினவங்களும் இல்லைன்னா? துணை, இணையர்னு சொற்கள் இருக்கு, எழுத்துல நல்லா இருக்கு. வார்டு வாசல்ல இன்னும் அது ஓடலை. ஆனா கதவு கொஞ்சம் திறந்திருக்கு. 2024 ஆகஸ்டுல மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதுச்சு, நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதப்போ இறந்தவரோட உடலைத் தன்பாலின இணையர் பெற்றுக்கொள்ள வழி செய்யணும்னு. 2025 மே மாசம், புதுச்சேரிக்கும் சேர்த்து உயர் நீதிமன்றமான சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒண்ணுதான் வழின்னு இல்ல, தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லிச்சு. திருநங்கை ஜமாத்துல இது எப்பவோ இருக்கு. வீட்டை விட்டு வந்தவங்களை ஒரு மூத்தவர் மகளா ஏத்துக்குவாங்க, அவங்க அம்மா, அந்த அம்மாவோட அம்மா நானி. பிணவறை வாசல்ல "நான் மகள்"னு ஒருத்தங்க வந்து நிக்கும்போது, அவங்க சொல்றது பொய் இல்லைன்னு நம்ம ஆட்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். வீட்டுல யாரும் அக்காவை விட்டுட்டு உடன்பிறப்புன்னு கூப்பிட வேண்டாம், யாரும் கூப்பிடவும் போறதில்ல. மாத்த வேண்டியது அச்சடிச்ச சீட்டை. மகன் / மகள்ங்கிற இடத்துல பிள்ளை. கணவர் / மனைவிங்கிற இடத்துல துணை. த/பெ, க/பெ இடத்துல "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்?"னு ஒரு கோடும் போன் நம்பரும். அச்சகத்துக்கு ஒரு வரி மாத்தறதுக்கு ஆகிற செலவுதான். பரம்பரை விவரம் கேட்கிற இடத்துல மட்டும் தாய்வழி, தந்தைவழி, கூடப்பிறந்தவர்னு தெளிவா பிரிச்சுப் போடட்டும்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. அடுத்த விசேஷத்துக்கு எல்லாரும் ஒண்ணு கூடும்போது ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. எந்தப் பெரியப்பா, எந்த அத்தை, எந்த வயசுல, என்ன நோய். ரத்த சொந்தமா, கட்டிக்கிட்டு வந்த சொந்தமா. சொந்தத்துல கல்யாணம்னா அதையும். பெரியவங்க இருக்கும்போதே கேட்டுக்கங்க, அந்தக் கணக்கு அவங்க தலையிலதான் இருக்கு. அடுத்த தடவை ஓ.பி.க்கு அந்தப் பேப்பரையும் எடுத்துட்டு வாங்க, டாக்டர் சந்தோஷப்படுவார்.

ஒரு கேள்வியோட விடறேன். தாத்தா, பாட்டி ரெண்டு பேர்ல யாருக்கும் பொருந்துற மாதிரி ஒருமையில ஒரு சொல், பேச்சு வழக்குல, எனக்கு இதுவரைக்கும் அகப்படலை. எங்க பக்கம் ஆயா, தாத்தான்னுதான். உங்க ஊர்ல, உங்க வீட்டுல ஏதாவது இருந்தா கீழே எழுதுங்க, எந்த ஊருன்னும் சேர்த்து.